பதினேழு பேர் வழுக்கி விழுந்த தரை

“நான் போட்ட தரையில குறை கண்டுபிடிச்சவன் இன்னும் பிறக்கல. இனிமே பிறந்தாலும் என் தரையிலதான் தவழ்ந்து வளரணும்.”

வங்கி மேலாளர் ஒருவரின் முகத்துக்கு நேராக, முழங்கால் வரை சிமெண்டோடு நின்றபடி சொல்லப்பட்ட வாக்கியம் இது. பாவம், மேலாளர் கேட்டதெல்லாம் வாசல் பக்கம் இரண்டாவது வரிசை லேசாகத் தூக்கினாற்போல இருக்கிறதே என்பதுதான். டைல்ஸ் மேஸ்திரி பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து அந்த வரிசையின் மேல் வைத்தார். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுக்கோட்டுக்கு வந்து, வாத்தியாரைக் கண்ட பிள்ளை மாதிரி அடங்கி நின்றது. “தரை சரியாத்தான் இருக்கு சார். உங்க மேசைதான் கோணல்,” என்றார். மேலாளர் மேசையை மாற்றினார். அன்றிலிருந்து ஊருக்கு இவர் ரசமட்டம். பெற்றோர் வைத்த பெயர் வாக்காளர் பட்டியலில் எங்கோ பத்திரமாக இருக்கிறது.

இருபத்தாறு வருடம் தரையையே பார்த்து வாழ்ந்தவருக்கு மனிதர்களை இடுப்புக்குக் கீழேதான் அடையாளம் தெரியும். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட, உட்கார்ந்ததும் விரல் முட்டியால் தரையைத் தட்டிப் பார்ப்பார். ஒருமுறை அப்படித் தட்டிவிட்டு, “டொக்குனு கேக்குது, அடியில காத்து,” என்று பக்கத்தில் அழுதுகொண்டிருந்தவரிடம் சொன்னார். அதன் பிறகு மனைவி இவரை எந்த வீட்டுக்கும் கைகளைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வருவதாக வாக்குக் கொடுத்தால் மட்டுமே அழைத்துப் போனார்.

மனைவி திரைச்சீலைக் கடையில் தையல் வேலை பார்ப்பவர். அவருடைய தம்பியும் இவர்களோடுதான் இருந்தான். இருபத்தாறு வயது, பார்சல் கம்பெனி வேன் ஓட்டுகிறான். ஒரு குடும்பத்தில் வேலை வெட்டியோடு இருக்கும் மைத்துனன் அமைவது லேசில் கிடைக்காத பாக்கியம் என்பதை ரசமட்டம் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால் மனைவி அதைப் பத்து வருடம் தைத்துக்கொண்டிருப்பார்.

காவல்துறை பற்றி இவருக்கு ஒரே ஒரு கொள்கை. “போலீஸ் ஒண்ணு சொன்னா செய்யணும். தப்பு பண்ணாதவனை அவங்க ஏன் தொடப்போறாங்க?” இதைச் சாப்பாட்டு நேரத்தில், மைத்துனன் தட்டைப் பார்த்துச் சொல்லுவார்.

ஸ்டேஷனிலிருந்து நாற்பது அடி தள்ளி மருந்துக்கடை வைத்திருக்கும் அக்காவுக்கு வேறு கொள்கை. அவர் கடையில் காய்ச்சல் மாத்திரை மழைக்காலத்தில் விற்கும், இருமல் மருந்து பனிக்காலத்தில் விற்கும், எலும்புக்கட்டுத் துணி மட்டும் ஸ்டேஷனுக்கு யாரையாவது கூட்டிப்போன மறுநாள் விற்கும். வாங்க வந்த எல்லாரும் சொன்ன காரணம் ஒன்றுதான். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன். அக்கா நல்ல மனசுக்காரர்; முதலில் அதை அப்படியே நம்பினார். ஸ்டேஷன் பாத்ரூமில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி வைக்க வேண்டும் என்று மனுக் கொடுத்தார். “அதற்கான தேவை எழவில்லை” என்று பதில் வந்தது. பதினைந்தாவது ஆளுக்குக் கட்டு விற்ற அன்று அக்கா இரண்டாவது மனு எழுதினார். காவல்துறைக்குக் கட்டுப்படாத, ஊர் மக்களைக் கொண்ட ஒரு கண்காணிப்புக் குழு வேண்டும். அந்தக் குழு எந்த நேரமும் ஸ்டேஷனுக்குள் போகலாம், பதிவேட்டைப் பார்க்கலாம், புகார் கொடுத்தவனைத் தனியாகப் பார்த்துப் பேசலாம்.

கையெழுத்து வாங்க ரசமட்டத்திடமும் வந்தார்.

“அவங்களை விசாரிக்க அவங்களே ஆள் வெச்சிருக்காங்களே அக்கா.”

“அதுதான் தம்பி பிரச்சினையே.”

“எனக்கு இதெல்லாம் ஒத்துவராது. நான் தரை வேலைக்காரன்.”

“சரி, நான் சுவர்க்காரங்களைப் பாத்துக்கிறேன்,” என்று அக்கா அடுத்த வீட்டுக்குப் போனார்.

அக்கா சொன்னதிலும் நியாயம் இருந்தது. முந்தைய புகார்களுக்கெல்லாம் அந்த ஸ்டேஷன் தன்னைத் தானே கூப்பிட்டு, தன்னிடமே வாக்குமூலம் வாங்கி, தன்னை நிரபராதி என்று விடுவித்து, விசாரணைக்கு முழு ஒத்துழைப்புக் கொடுத்ததற்காகத் தனக்கு நன்றியும் சொல்லிக்கொண்டிருந்தது. இவ்வளவு ஒற்றுமை எந்தக் குடும்பத்திலும் பார்க்க முடியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை மைத்துனன் ஸ்டேஷன் வாசலை ஒட்டி வேனை நிறுத்திவிட்டு எதிர்க்கடைக்கு ஒரு பார்சல் கொடுக்கப் போனான். வண்டியை எடுக்கச் சொன்னார்கள். “ரெண்டு நிமிஷம் சார்,” என்றான். அந்த இரண்டு நிமிடத்துக்காக உள்ளே போனவன் மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தான். வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. இடது கையில் ஒரு தாள்.

அது அவனுடைய வாக்குமூலத்தின் நகல். “புதிதாகப் பதிக்கப்பட்ட வழுவழுப்பான டைல்ஸ் தறையில் கவனக்குறைவாக நடந்து, நானே கால் வழுக்கி விழுந்தேன்.” கீழே இடது பெருவிரல் ரேகை. வலது கை அப்போது கையெழுத்துப் போடும் நிலையில் இல்லை என்பதைத் தாளே ஒருவகையில் ஒப்புக்கொண்டது.

ரசமட்டம் படித்தார். முகம் வெளுத்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் மனைவி அவரை இப்படிப் பார்த்ததில்லை.

“எவன் ஒட்டினான்?” என்றார்.

மைத்துனன் விழித்தான். “என்னது அத்தான்?”

“லாக்கப் பாத்ரூம். மூணு வருஷம் முன்னாடி ஸ்டேஷன் வேலை பூரா நான்தான் செஞ்சேன். டைல்ஸ் பத்தாம அந்த ஒரு இடத்தை மட்டும் சிமெண்டோட விட்டுட்டு வந்தேன். எனக்குத் தெரியாம எவனோ பூந்து வழுக்குற டைல்ஸை ஒட்டியிருக்கான். ஊர்ல எல்லாரும் நான் ஒட்டினதுன்னுல நினைப்பாங்க.”

மனைவி கையிலிருந்த தண்ணீர்ச் செம்பை மெதுவாகக் கீழே வைத்தார். “என் தம்பி கை ஒடிஞ்சு வந்து நிக்குறான். உங்களுக்கு டைல்ஸ் ஒட்டினவன்தான் கண்ணுக்குத் தெரியுறானா?”

“கை சேந்துடும். பேரு சேருமா?”

இந்தப் பதிலுக்கு அந்த வீட்டில் இரண்டு நாள் யாரும் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பையை எடுத்துக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்குப் போனார். நல்லவேளையாக இன்ஸ்பெக்டரின் சொந்தக் குளியலறையில் குழாய் ஒழுகி ஓரத்தில் ஒரு டைல் பெயர்ந்திருந்தது. பதிவேடு எழுதும் போலீஸ்காரரை அங்கே ரைட்டர் என்பார்கள். அவர், “வாங்க மேஸ்திரி, கடவுள்தான் உங்களை அனுப்பினாரு,” என்று உள்ளே விட்டார்.

இன்ஸ்பெக்டரின் குளியலறையைப் பார்த்ததும் இவருக்குப் பழைய கதை ஞாபகம் வந்தது. இடுப்பு உயரத்துக்குத்தான் டைல்ஸ் என்று கணக்கு. இன்ஸ்பெக்டர் அண்ணாந்து பார்த்து, “அங்க வரைக்கும் போகட்டுமே,” என்றார். டைல்ஸ் அங்கே வரைக்கும் போயிற்று. லாக்கப்புக்கு வந்த பெட்டிகள் எல்லாம் இன்ஸ்பெக்டரின் சுவரேறி, கூரையைத் தொட்டு நின்றன. மீதி அடுத்த மாதம் வரும் என்றார்கள். இவரும் நம்பி, லாக்கப் பாத்ரூமின் சிமெண்டு ஈரமாக இருக்கும்போதே கொலுறுக் கரண்டி நுனியால் கட்டம் கட்டமாகக் கீறிவிட்டு வந்தார். அப்படிக் கீறினால்தான் பின்னால் டைல் பிடிக்கும்.

பெயர்ந்த டைலை ஒட்டிவிட்டு, ரைட்டர் டீ குடிக்கத் திரும்பிய நேரம், லாக்கப் பாத்ரூம் கதவைத் தள்ளினார்.

டைல்ஸ் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் அவர் கீறிய கட்டங்கள் அப்படியே இருந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு, வாளித் தண்ணீரைக் கவிழ்த்து, அங்கே கிடந்த சோப்பைத் தேய்த்து, அதன் மேல் நடந்து பார்த்தார். பிறகு வேகமாக நடந்தார். பிறகு ஓடிப் பார்த்தார். ஐம்பது வயது மனிதர், நாலுக்கு ஆறு அடி இடத்தில், லாக்கப்புக்குள் இருந்த ஒரே ஒரு ஆள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, வழுக்கி விழுவதற்குத் தன்னால் ஆன முயற்சியெல்லாம் செய்தார். உள்ளங்கால்தான் தேய்ந்தது. அது எருமையைக்கூட நிறுத்திவிடும் தரை.

“என்ன மேஸ்திரி, இங்க என்ன பண்றீங்க?” ரைட்டர் டீயோடு வாசலில் நின்றார்.

“இங்க டைல்ஸே இல்லையே.”

“இருக்கே.”

“எங்க?”

“பதிவேட்டுல,” என்றார் ரைட்டர். அவரை அலமாரிக்கு அழைத்துப்போய் ஒரு தாளைப் பிரித்துக் காட்டினார். “லாக்கப் பாத்ரூம், டைல்ஸ் பதித்தல், குறையின்றி முடிக்கப்பட்டது. கீழ யாரு கையெழுத்து, பாருங்க.”

ஈரம் பட்டுக் கலங்கியிருந்தாலும் கையெழுத்து இவருடையதுதான். வேலை முடிந்த சாயங்காலம் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது நீட்டப்பட்ட தாள். அடுத்த மாதம் வரத்தானே போகிறது என்று துடைக்காத கையாலேயே போட்டது. அடுத்த மாதம் வரவில்லை. முப்பத்தாறு மாதம் போய்விட்டது.

“நிஜத்துல இல்லாட்டி என்ன மேஸ்திரி,” என்று ரைட்டர் அன்பாகத்தான் சொன்னார். “எல்லாரும் பதிவேட்டுல இருக்கிற தரையிலதானே வழுக்குறாங்க.”

ரசமட்டம் செருப்பைப் போட மறந்து, வெறுங்காலோடு மருந்துக்கடைக்கு நடந்தார்.

அக்கா கடைக்குப் பின்னால் இருந்த அறையில், மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே, மனுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். இவரைப் பார்த்ததும் பேச்சு நின்றது. ஸ்டேஷனிலிருந்து வந்ததைப் பார்த்திருந்தார்கள். மைத்துனனின் தாளை இவர் மேசையில் வைத்தார். அக்கா ஒரு கோப்பைத் திறந்து, பதினாறு தாள்களை அதன் பக்கத்தில் வரிசையாகப் பரப்பினார்.

ஆளுக்கு ஆள் வயது வேறு, தொழில் வேறு, ஒடிந்த எலும்பு வேறு. வாக்கியம் ஒன்று. அதிலும் பதினேழு பேரும் ‘தரை’யில் விழவில்லை, ‘தறை’யில் விழுந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் பள்ளித் தமிழாசிரியர். இடையின ரகரத்துக்காகப் பிள்ளைகளை வெயிலில் நிற்கவைக்கிறவர், தன் வாக்குமூலத்தில் வல்லின றகரம் போட்டு விழுந்திருந்தார். கை ஒடிந்ததைவிட அந்த எழுத்துதான் மனிதரைப் படுக்கவைத்தது என்றார் அக்கா.

ரசமட்டம் ஒவ்வொரு தாளாகப் படித்தார். டைல்ஸ், டைல்ஸ், டைல்ஸ். பதினேழு பேரும் அவர் போடாத தரையில் விழுந்திருந்தார்கள். அந்தத் தரை உண்டு என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அவருடைய கையெழுத்து.

“அக்கா, அங்க டைல்ஸே இல்ல.”

அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அக்கா கண்ணாடியைக் கழற்றினார்.

“இதை நகரசபைக் கூட்டத்துல சொல்வீங்களா? வெள்ளிக்கிழமை. குழு வேணுமா வேண்டாமான்னு அன்னிக்குத்தான் முடிவு பண்றாங்க.”

“சொன்னா, அப்ப ஏன் கையெழுத்துப் போட்டேன்னு கேப்பாங்களே.”

“கேப்பாங்க.”

“பொய்ச் சான்று கொடுத்தவன்னு ஒப்பந்தப் பட்டியல்லேருந்து பேரை எடுத்துடுவாங்க. கேஸ்கூடப் போடலாம்.”

“போடலாம்,” என்றார் அக்கா. ஆறுதல் சொல்லி மருந்து விற்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

புதன்கிழமை மத்தியானம் ஸ்டேஷன் ஜீப் வந்து வீட்டு வாசலில் நாலு பெட்டி டைல்ஸை இறக்கிவிட்டுப் போனது. கொண்டுவந்த போலீஸ்காரர் மரியாதையாகவே பேசினார். “நாளைக்குக் காலையில வந்து ஒட்டிடுங்க மேஸ்திரி. தேதியைப் பத்திக் கவலைப்படாதீங்க. அது மூணு வருஷம் முன்னாடியே போட்டாச்சு.”

ரசமட்டம் ஒரு பெட்டியைப் பிரித்தார். முதல் தரம். ஓரம் ஒன்றில்கூடச் சில்லுப் போகவில்லை. அரை நாள் வேலை. ஒட்டிவிட்டால் கையெழுத்து உண்மையாகிவிடும், சான்று உண்மையாகிவிடும், பட்டியலில் பேர் இருக்கும். ஒரு மனிதன் பின்தேதியிட்டு யோக்கியனாவதற்கு இதைவிட மலிவான வழி இல்லை. அவர் டைலை விரலால் சுண்டிப் பார்த்தார். ‘டிங்’ என்று சுத்தமாகக் கேட்டது.

மைத்துனன் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒட்டிடுங்க அத்தான்,” என்றான். “அப்பதான் நான் சொன்னதும் பொய்யில்லைன்னு ஆகும்.”

“நீ வழுக்கியா விழுந்தே?”

அவன் மாவுக்கட்டின் ஓரத்தை உரித்தான்.

“கேக்குறேன்ல.”

“மேசை மேல கையை வைன்னாங்க. வெச்சேன்.”

ரசமட்டத்தின் கையில் டைல் அப்படியே நின்றது. “எதுக்குன்னு கேக்கலையா?”

“கேக்கல.”

“ஏன்டா வெச்சே? இழுத்துக்க வேண்டியதுதானே.”

“போலீஸ் ஒண்ணு சொன்னா செய்யணும்னு நீங்கதானே அத்தான் சொல்லுவீங்க,” என்றான் அவன். குற்றம் சாட்டும் குரல் இல்லை. முகவரி கேட்டவருக்கு வழி சொல்வது போலச் சொன்னான்.

ரசமட்டம் டைலைக் கீழே வைக்கப் பார்த்தார். எங்கே வைப்பது என்று தெரியாதவர் போலக் கொஞ்ச நேரம் அதை மடியில் வைத்திருந்தார். தட்டினால் தரைக்குள் காற்று இருப்பதைக் கண்டுபிடிப்பவர்; ஒரே வீட்டில் ஒரு வாரமாக அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தும் ஒரு தடவைகூடத் தட்டிப் பார்க்கவில்லை.

மனைவி உள்ளேயிருந்து வந்தார். எல்லாம் கேட்டிருந்தது. தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

“ஒட்டப் போறீங்களா?”

“தெரியல.”

“தெரிஞ்சதும் சொல்லுங்க. ஒட்டுறதா இருந்தா நானும் தம்பியும் அதுக்குள்ள வேற வீடு பாத்துக்கிறோம்.”

மறுநாள் காலை அவர் ஸ்டேஷனுக்குப் போனார். நாலு பெட்டியையும் ஒரு தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய், வாசலில் இறக்கி, ரைட்டரிடம் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டார். ரைட்டர் தாளை மூன்று தடவை படித்துவிட்டு, கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். பெட்டிகள் அங்கேயே இருந்தன.

இதன் பிறகு நடந்தவை ஊருக்குத் தெரிந்தவைதான். இவர் பெயர் இன்று ஒப்பந்தப் பட்டியலில் இல்லை. அரசாங்கத் தரை எதையும் இவர் தொட முடியாது, வீட்டு வேலைதான். கண்காணிப்புக் குழு இருக்கிறது. ஒன்பது பேர், மாதம் இரண்டு முறை சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே போகிறார்கள். அக்கா கடையில் எலும்புக்கட்டுத் துணி தேங்கிக் கிடக்கிறது. வியாபாரம் படுத்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே அலுத்துக்கொள்கிறார். இதெல்லாம் பின்னால். வெள்ளிக்கிழமை காலை நகரசபை மண்டபத்தில் இது எதுவும் உறுதியாகவில்லை.

முதலில் இன்ஸ்பெக்டர் பேசினார். நன்றாகவே பேசினார். லாக்கப் பாத்ரூமில் உயர்தர டைல்ஸ் போடப்பட்டிருக்கிறது. கைதாகிறவர்களுக்கு இவ்வளவு வசதி பழக்கமில்லை. அதனால் கால் தடுமாறுகிறது. இதற்கு வெளியாட்களைக் கொண்ட குழு எதற்கு? தரையில் குறையில்லை என்பதற்கு அதைப் போட்ட மேஸ்திரியே சான்று கொடுத்திருக்கிறார்.

“நேர்ல பாக்கலாமா?” என்று கேட்டார் நகரசபைத் தலைவர்.

“தாராளமா. ஆனா முறைப்படி அனுமதி வாங்கணும்.”

“யார்கிட்ட?”

“என்கிட்டதாங்க.”

மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை, பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். ரசமட்டம் எழுந்தார். தோய்த்த சட்டை, கையில் பை இல்லை. பக்கத்தில் மைத்துனன் மாவுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தான். அவனைத் தாண்டி, பதினேழு பேரில் வந்திருந்த பதினோரு பேரின் முழங்கால்களைத் தாண்டி, முன்னால் வந்து நின்றார்.

தலைவர் சான்றை நீட்டினார். “இது உங்க கையெழுத்தா?”

“ஆமாங்க.”

“குறையில்லாம முடிச்சதா எழுதியிருக்கு.”

“ஆமாங்க. என் கையெழுத்துதான். ஆனா அங்க நான் டைல்ஸ் போடல. இன்னிக்கு வரைக்கும் வெறும் சிமெண்டுதான், கீறிவிட்ட சிமெண்டு. யாரும் அதுல வழுக்க முடியாது. போடாததைப் போட்டேன்னு நான் எழுதிக் கொடுத்தேன். அதை வெச்சுத்தான் இவங்க எல்லாரையும் விழவெச்சிருக்காங்க.”

இன்ஸ்பெக்டர் ரைட்டரைப் பார்த்தார். ரைட்டர் பேனாவைப் பார்த்தார்.

“இப்படிச் சொன்னா உங்க பேர் என்ன ஆகும்னு தெரியும்ல மேஸ்திரி?” தலைவர் குரலைத் தாழ்த்தினார். “யோசிச்சுச் சொல்லுங்க. உங்க வேலையில குறை இருக்குன்னு நீங்களே பதிவு பண்றீங்களா?”

“பண்ணிக்கிடுங்க,” என்றார் அவர். “நாலுக்கு ஆறு அடி.”